ஃபார்மட் அடிக்கும் முன் ஒரு நிமிஷம்!

(மூன்றாமாண்டு, கணினிப் பொறியியல் பிரிவு)



நம்ம ஹாஸ்டலில் ஒருத்தன் கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சைப் போட்டால் விண்டோஸ் படம் வருகிறது. நீலமாக ஏதோ மின்னி மறைகிறது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். சுற்றி நாலு பேர் நிற்கிறோம். மூன்று பேர் வாயிலிருந்து ஒரே வார்த்தைதான் வரும்: "ஃபார்மட் அடிச்சிரு மச்சி!" நாலாவது ஆள் வாயே திறக்க மாட்டான். ஏனென்றால் அவன் பென் டிரைவ் எடுக்க ஏற்கெனவே ரூமுக்கு ஓடியிருப்பான்.

அந்த நாலாவது ஆளாக இரண்டு வருஷம் இருந்தவன் நான். ஒரு மணி நேரத்தில் விண்டோஸ், டிரைவர், ஆஃபீஸ், தமிழ் ஃபான்ட் எல்லாம் ஏற்றிக் கையில் கொடுத்துவிடுவேன். 'ஃபார்மட் மன்னன்' என்று பட்டப்பெயர்கூட உண்டு. இப்போது அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

டி.டி.பி. அக்கா

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அக்கா டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். அவ்வளவுதான் கடை. கம்ப்யூட்டர் 2010-ல் வாங்கியது. உள்ளே விண்டோஸ் 7. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூடக் கேள்வித்தாள் என்று ஊரில் அச்சாகிற முக்கால்வாசி சமாச்சாரம் முதலில் அந்தப் பெட்டிக்குள்தான் பிறக்கும்.

போன செமஸ்டர் லீவில் ஒரு திங்கட்கிழமை காலை போன் செய்தார். "தம்பி, சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. நேத்து கடை லீவு, மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போயிட்டேன். இன்னிக்கு வந்து போட்டா நீலமா மின்னிட்டு திரும்பத் திரும்ப ஸ்டார்ட் ஆவுது. முகூர்த்த மாசம்பா, கொஞ்சம் பார்த்துக் குடு."

போனேன். போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது. சிமாஸ் செக்சம் எர்ரர், தொடர வேண்டுமானால் எஃப் 1 அழுத்து என்று. படித்தேனா? இல்லை. அழுத்தினேன். விண்டோஸ் படம் வந்தது, நீலம் மின்னியது, மறுபடி முதலிலிருந்து. "விண்டோஸ் கரப்ட் ஆயிருச்சுக்கா, ஃபார்மட்தான்" என்று பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன். "ஃபைல் எல்லாம் டி டிரைவ்லதானே இருக்கு?" என்று கேட்டேன். "ஆமா தம்பி, டி.டி.பி.லதான் இருக்கு" என்றார்.

என் காதில் 'டி' மட்டும்தான் விழுந்தது. சி டிரைவை அழித்தேன். ஒரு மணி நேரத்தில் கம்ப்யூட்டர் புதுசு மாதிரி ஓடியது. 300 ரூபாயும் ஒரு டீயும் கிடைத்தது. கிளம்பும்போது அக்கா கேட்டார்: "தம்பி, டெஸ்க்டாப்ல டி.டி.பி.ன்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சே, அது எங்க?"

டெஸ்க்டாப்பில் இருக்கிற எதுவும் சி டிரைவில்தான் இருக்கும் என்பது நமக்குத் தெரியும். அவருக்கு ஏன் தெரிய வேண்டும்? பத்து வருஷத்துக்கு மேற்பட்ட உழைப்பு, ஆயிரக்கணக்கான மாடல்கள் எல்லாம் போயிற்று. ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தேன். அதே டிரைவில் புது விண்டோஸையும் ஆஃபீஸையும் ஃபான்டையும் மேலே மேலே ஏற்றியிருந்தேனே! பெயர் இல்லாத சில ஃபைல்கள் கிடைத்தன. பாதி திறக்கவே இல்லை.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பழைய பத்திரிகையெல்லாம் ஒவ்வொண்ணு எடுத்து வச்சிருக்கேன். பார்த்து மறுபடி அடிச்சுக்கலாம் தம்பி" என்றார். அந்த மாசம் முழுக்க ராத்திரி 11 மணி வரைக்கும் அந்தக் கடையில் லைட் எரிந்தது. 300 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஒரு கேள்வி

பாடம் அதோடு முடியவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி போன். "தம்பி, கம்ப்யூட்டர்ல தேதி 2009 ஜனவரி 1-ன்னு காட்டுது. இன்டர்நெட்டும் ஒழுங்கா திறக்க மாட்டேங்குது." இதை எங்கள் லேப் இன்ஸ்ட்ரக்டர் சாரிடம் சொன்னேன். அவர் என்னிடம் பதில் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார்.

"ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி தேதி என்ன காட்டிச்சு?"

"பாக்கல சார்."

"ஸ்டார்ட் பண்ணினதும் ஸ்கிரீன்ல முதல்ல என்ன வந்துச்சு?"

"ஏதோ செக்சம்னு வந்துச்சு... எஃப் 1 அழுத்தினேன் சார்."

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "விண்டோஸ் ஒரு தப்பும் பண்ணலப்பா. நீ நிரபராதியையும் கொன்னுட்டே, சாட்சியையும் எரிச்சிட்டே."

நடந்தது இதுதான். மதர் போர்டில் சி.ஆர். 2032 என்று ஒரு 3 வோல்ட் காசு பேட்டரி இருக்கும். தேதியையும் பயாஸ் செட்டிங்கையும் மறக்காமல் வைத்திருப்பது அதன் வேலை. மெயின் ஆனில் இருக்கும்வரை, கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்திருந்தாலும், எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து ஸ்டாண்ட்பை 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். பேட்டரி செத்திருந்தாலும் வெளியே தெரியாது. மெயினை அணைத்தால்தான் குட்டு வெளிப்படும். "நேத்து மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போனேன்" என்று அக்கா போனிலேயே துப்புக் கொடுத்துவிட்டார். நான்தான் காதில் வாங்கவில்லை.

பேட்டரி செத்ததால் பயாஸ் தன் பழைய கம்பெனி செட்டிங்குக்குப் போய்விட்டது. அந்தப் போர்டின் கம்பெனி செட்டிங்கில் ஹார்ட் டிஸ்க் ஐ.டி.இ. முறையில் இருக்கும். விண்டோஸ் 7-ஐ முதலில் ஏற்றியவர் ஏ.எச்.சி.ஐ. முறையில் ஏற்றியிருந்தார். முறை மாறியதும், துவக்கத்தில் தேவைப்படும் டிரைவர் தயாராக இல்லை. தான் குடியிருக்கும் டிஸ்க்கையே விண்டோஸால் திறக்க முடியவில்லை. அதைத்தான் 7பி என்ற எண்ணோடு, 'இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரையில் எழுதிக் காட்டியது. அரை நொடியில் மறைந்ததால் நான் படிக்கவில்லை. 35 ரூபாய் பேட்டரி ஒன்று, பயாஸில் ஒரே ஒரு செட்டிங். ஒரு ஃபைல்கூடப் போயிருக்காது.

"அப்போ ஃபார்மட் அடிச்சதும் ஏன் சார் ஓடிச்சு?" என்று கேட்டேன். புது விண்டோஸ் ஐ.டி.இ. முறையிலேயே ஏறியது, அதனால் ஓடியது. பேட்டரி மட்டும் செத்தபடியே கிடந்தது. நான் சரி செய்ததாக நினைத்த பழுது உள்ளே அப்படியே இருந்தது!

என் கருத்து

கம்ப்யூட்டர் ஓட ஆரம்பிப்பது வேறு. அது ஏன் நின்றது என்று தெரிவது வேறு. ஃபார்மட் முதலாவதைத் தரலாம்; இரண்டாவதை நிரந்தரமாக அழித்துவிடும். டிப்ளமோ படித்த நமக்கும் சும்மா சி.டி. போடத் தெரிந்தவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

பைக் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நம்ம ஊர் மெக்கானிக் என்ன செய்கிறார்? பெட்ரோல் இருக்கா என்று டேங்க்கை ஆட்டிப் பார்க்கிறார். பிளக்கைக் கழற்றிப் பொறி வருதா என்று பார்க்கிறார். எடுத்த எடுப்பில் இன்ஜினை இறக்கினால் நாம் அவரிடம் வண்டி விடுவோமா? அந்த மெக்கானிக் பாலிடெக்னிக் படித்தவர் இல்லை. ஆனால் வரிசை அவருக்குத் தெரியும். வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில் வைத்தியருக்கு அந்த வரிசையைத்தான் சொல்கிறார்: நோய் எது என்று பார், காரணம் எது என்று பார், பிறகு வைத்தியம் செய். நாம் மட்டும் ஏன் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறோம்?

எந்த இடத்தில் நின்றது?

"ஸ்டார்ட் ஆகலை" என்பது ஒரு நோய் இல்லை. "வயிறு சரியில்லை" மாதிரி, அதற்குள் பத்து நோய் இருக்கலாம். ஸ்விட்ச் முதல் டெஸ்க்டாப் வரைக்கும் சில ஸ்டேஜ்கள் இருக்கின்றன. எந்த ஸ்டேஜில் நின்றது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

ஸ்விட்சைப் போட்டால் ஃபேனே சுற்றவில்லையா? விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பவர் கார்டு, எஸ்.எம்.பி.எஸ்., முன்பக்கப் பட்டன் இவற்றைப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் போர்டிலிருந்து கழற்றி, பெரிய கனெக்டரில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் இணைத்தால் அது தனியாக ஓட வேண்டும். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் லைனில் 11.4-லிருந்து 12.6 வரைக்கும், 5 வோல்ட் லைனில் 4.75-லிருந்து 5.25 வரைக்கும் இருக்கலாம். லோடு இல்லாமல் சரியாகக் காட்டிவிட்டு, லோடு வந்ததும் படுத்துவிடும் எஸ்.எம்.பி.எஸ். உண்டு, அதனால் மறுபடி போர்டில் மாட்டியும் அளக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை, பீப் சத்தம் மட்டும் வருகிறதா? எண்ணுங்கள். எத்தனை, நீளமா குட்டையா? பயாஸ் கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும் என்பதால் போர்டின் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ரேம் அல்லது டிஸ்பிளே கார்டுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட் இரும்பைத் தொட்டுவிட்டு, ரேமைக் கழற்றி அதன் தங்க நிறப் பல்லை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

காலையில் முதல் தடவை வராது, நாலு தடவை போட்டால் வரும் என்கிறார்களா? போர்டில் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். மேலே உப்பியிருந்தால், பழுப்பாகக் கசிந்திருந்தால் அதுதான் குற்றவாளி. 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் செய்த போர்டுகள் பலவற்றில் இந்த வியாதி உண்டு. எத்தனை தடவை ஃபார்மட் அடித்தாலும் உப்பிய கெப்பாசிட்டர் வற்றாது!

விண்டோஸ் படம் வரைக்கும் வந்து நீலம் மின்னுகிறதா? முதலில் அந்த நீலத்தை நிற்க வையுங்கள். விண்டோஸ் 7-ல் துவக்கத்தில் எஃப் 8 அழுத்தினால் வரும் பட்டியலில், பழுது வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரி ஒன்று இருக்கும். விண்டோஸ் 10-ல், துவக்கம் அடுத்தடுத்துத் தோற்றால் பழுதுநீக்கும் திரை தானே வரும். நீலத்திரை எண்ணைத் தாளில் எழுதுங்கள். சேஃப் மோடில் போய்ப் பாருங்கள். அதில் ஓடினால், அடிப்படை விண்டோஸ் நன்றாகத்தான் இருக்கிறது. கடைசியாக ஏற்றிய டிரைவர் அல்லது சாஃப்ட்வேர் மேல்தான் சந்தேகம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வந்தால் ரேமைச் சந்தேகப்படுங்கள். மெம்டெஸ்ட் 86-ஐ ராத்திரி முழுக்க ஓட விடுங்கள்.

டெஸ்க்டாப் வந்து பத்து நிமிஷத்தில் அணைகிறதா? பயாஸ் திரைக்குப் போய்ச் சும்மா அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அங்கேயும் அணைந்தால் விண்டோஸ் மேல் பழி போடாதீர்கள். அங்கே விண்டோஸே இல்லையே! பிராசசர் ஃபேனில் தூசி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், எஸ்.எம்.பி.எஸ்., இவைதான் வரிசையில் நிற்கும் ஆசாமிகள்.

உலகம் பார்த்த ஒரு நாள்

இதெல்லாம் பழைய பெட்டிக் கதை என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. அக்கா கடையில் நடந்த அதே காட்சி! விமானங்கள் ரத்தாயின. நம் நாட்டிலேயே கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்.

அன்றைக்கு வைத்தியம் என்ன தெரியுமா? சேஃப் மோடில் போய், ஒரு குறிப்பிட்ட ஃபைலை அழித்து, ரீஸ்டார்ட் செய்வது. அவ்வளவே. அத்தனை கம்ப்யூட்டரையும் 'ஃபார்மட் அடிச்சிரு மச்சி' என்று அடித்திருந்தால் எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை பேங்க் கணக்கு என்ன ஆகியிருக்கும்? காரணத்தைத் தேடியவர்கள் இருந்ததால்தான் ஒரு ஃபைலோடு முடிந்தது.

"டைம் இல்லை மச்சி!"

எதிர்க்கட்சி வாதமும் எனக்குத் தெரியும். கடையில் வேலை பார்க்கும் சீனியர் அண்ணன் ஒருவர் சொன்னார்: "கண்டுபிடிக்கிறதுக்கு மூணு மணி நேரம் ஆகும், ஃபார்மட்டுக்கு ஒரு மணி நேரம். கஸ்டமர் ரெண்டுக்கும் ஒரே காசுதான் குடுப்பாரு." இது பொய் இல்லை. வயிற்றுப்பாடு பேசுகிற பேச்சு. வைரஸ் புகுந்து நாசம் செய்த கம்ப்யூட்டருக்கு ஃபார்மட்தான் சரியான வைத்தியம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். நான் ஃபார்மட்டுக்கு விரோதி இல்லை. அதை முதல் வேலையாகச் செய்வதற்குத்தான் விரோதி.

முதல் பத்து நிமிஷத்தில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. "கடைசியா என்ன பண்ணீங்க? கரன்ட் போச்சா? புதுசா ஏதாவது மாட்டினீங்களா?" என்று உடையவரிடம் கேட்பது. திரையில் வரும் ஒவ்வொரு வரியையும் போனில் படம் பிடிப்பது. பயாஸில் தேதியைப் பார்ப்பது. இவ்வளவும் செய்தும் பிடிபடவில்லை, ஃபார்மட்தான் என்றால், லினக்ஸ் பென் டிரைவில் கம்ப்யூட்டரைத் துவக்கி, டேட்டாவை வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். காப்பி ஆன ஃபைல் இரண்டை உடையவரே திறந்து பார்த்து "இதுதான்" என்று சொல்லட்டும். 'டி டிரைவ்லதானே' என்று வாயால் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அந்தக் கேள்வியின் விலை எனக்குத் தெரியும்.

ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் சத்தம் வந்தால் ஸ்கேன் டிஸ்க், செக் டிஸ்க் எதையும் ஓட விடாதீர்கள். சாகப்போகிற டிஸ்க்கை ஓட வைத்துக் கொல்வது அதுதான். முதலில் காப்பி, மற்றதெல்லாம் பிறகு.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்க முடியாத பழைய டெஸ்க்டாப்புகள் எத்தனையோ கடைகளில், பள்ளிகளில், வீடுகளில் இருக்கின்றன. எல்லோராலும் புதுசு வாங்க முடியாது. நம்மைத்தான் கூப்பிடுவார்கள். வருகிற வேலைக்கு நாம் தயாரா?

யூனியனுக்கு ஒரு விண்ணப்பம்

பேசிவிட்டுப் போவது சுலபம். அதனால் மூன்று கோரிக்கைகளை யூனியன் முன் வைக்கிறேன்.

ஒன்று: லேபில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு 40 பக்க நோட்டு கட்டித் தொங்க விடுவோம். தேதி, அறிகுறி, செய்தது, காரணம் என்று நாலு கட்டம். 'காரணம்' கட்டத்தில் "ஃபார்மட் அடித்தோம்" என்று எழுதக் கூடாது. அது 'செய்தது' கட்டத்துக்குரியது. காரணம் தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்று எழுதுவோம். அதில் வெட்கம் இல்லை.

இரண்டு: ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்களைக் காயலான் கடைக்கு அனுப்பும் முன், முதலாமாண்டு தம்பி தங்கைகளுக்குக் கொடுப்போம். நாமே ஒரு பழுதை ஒளித்து வைப்போம்; அவர்கள் கண்டுபிடிக்கட்டும். ரேமுக்குப் பேர் சொல்லத் தெரிந்தால் வைவாவில் மார்க் கிடைக்கும். ரேம் செத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் வாழ்க்கையில் மதிப்புக் கிடைக்கும்.

மூன்று: யூனியன் செலவில் ஒரு பை. அதில் ஒரு மல்டிமீட்டர், ஒரு லினக்ஸ் பென் டிரைவ், ஒரு மெம்டெஸ்ட் பென் டிரைவ், காப்பி எடுக்க ஒரு காலி ஹார்ட் டிஸ்க், நாலு காசு பேட்டரி. ஊருக்குள் யார் கம்ப்யூட்டர் பார்க்கப் போனாலும் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகட்டும்.

போன வாரம் அக்கா கடைக்குப் போயிருந்தேன். பேட்டரி மாற்றியாயிற்று, தேதி சரியாக ஓடுகிறது. ஃபைல்களை இப்போது இரண்டு இடத்தில் வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மேஜையில் ஒரு பழைய மஞ்சள் பத்திரிகையைப் பார்த்துப் பார்த்து அவர் டைப் அடித்துக்கொண்டிருந்தார். "இது போன மாடல்ல ஒண்ணு தம்பி, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி" என்றார் சிரித்துக்கொண்டே.

அந்த 'இன்னும் கொஞ்சம்' என் கணக்கில் எழுதப்பட்டது. உங்கள் கணக்கில் அப்படி ஒன்று ஏறக் கூடாது நண்பர்களே. அடுத்த தடவை நீலம் மின்னும்போது பென் டிரைவ் எடுக்க ஓடாதீர்கள். ஒரு நிமிஷம் நில்லுங்கள். திரையைப் படியுங்கள். உடையவரைக் கேளுங்கள். காரணம் தேடுவோம், கற்றதைக் காப்போம்!